டோக்கன் கொடுப்பது யார்?

இங்கே போர்ட் கொச்சியில் வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால், "காட்பாடிக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்றுதான் கேட்போம். வேலூர் சி.எம்.சி. நமக்கு அப்படித்தான் பழக்கம். அங்கே எம்.பி.பி.எஸ். படித்த அனிந்த்ய தத்தா என்ற விஞ்ஞானியைப் பற்றி, பெண்ணின் பிளஸ் டூ பாடத்துக்காகத் தேடியபோதுதான் தெரிந்துகொண்டேன். (நான் பி.காம்., டாக்டர்கள் பொறுத்தருளவும்.)

செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்கிறது. எங்கிருந்து ஆரம்பிக்கிறது? இதுதான் அவள் கேள்வி.

பாக்டீரியாவில் விஷயம் சுலபம். குறிப்பிட்ட இடத்தில் ஒரு புரதம் வந்து சேர்ந்தால் நகல் தொடங்கும் என்று 1963இல் ஜேக்கப், பிரென்னர் குழுவினர் சொன்னார்கள். ஈ.கோலைக்கு அப்படி ஒரே இடம் போதும். மனிதனுக்குக் கட்டுப்படியாகாது. தொழில் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் முதல் குரோமோசோமில் சுமார் 25 கோடி எழுத்து. வினாடிக்கு 50 எழுத்து வீதம், நடுவில் தொடங்கி இரு பக்கமும் போனாலும் 29 நாள்! செல்லோ சுமார் எட்டு மணி நேரத்தில் முடிக்கிறது. பல்லாயிரம் இடங்களில் தொடங்குவதால்தான்.

அந்த இடங்களை அடையாளம் காணும் ஓ.ஆர்.சி. என்ற புரதக் கூட்டத்தை 1992இல் ஈஸ்ட்டில் கண்டுபிடித்தவர்கள் பெல், ஸ்டில்மன். ஈஸ்ட்டில் அந்த இடத்துக்கென்று எழுத்து வரிசை உண்டு. மனிதனில் அப்படி நிலையான வரிசை இல்லை, டி.என்.ஏ. இறுக்கமாகச் சுற்றப்படாத இடங்களே பெரும்பாலும் அமைகின்றன.

ஒரே இடத்தில் இரண்டு தடவை தொடங்கிவிட்டால்? டி.என்.ஏ. உடையும், புற்றுநோய்க்கு வழி திறக்கும். எங்கள் பழைய கவுண்ட்டர் முறைதான் இதற்கும். வேலை தொடங்குமுன் டோக்கன் கொடுத்துவிடுவார்கள், தொடங்கியபின் கிடையாது. செல்லில் டோக்கன் கொடுக்க உதவுவது சி.டி.டி.1 என்ற புரதம். நகல் தொடங்கியதும் ஜெமினின் என்ற இன்னொரு புரதம் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. 2000இல் இதைக் காட்டியவர்களில் தத்தாவின் குழுவும் ஒன்று.

தத்தா முன்பு ஸ்டில்மனிடம்தான் ஆராய்ச்சி பழகினார். 2016இல் அவர் குழு, ஓ.ஆர்.சி.யின் முதல் அல்லது இரண்டாம் உறுப்பு இல்லாமலே மனிதப் புற்றுநோய் செல்கள் பிழைத்துப் பெருகுவதாக எழுதியது. குருவின் கண்டுபிடிப்பிலேயே கை வைத்தாயிற்று! 2021இல் ஸ்டில்மன் குழு, இல்லை, அவை அவசியமே என்று பதில் எழுதியது.

"அப்போ பரீட்சைக்கு எதைப்பா எழுதறது?" என்கிறாள் பெண். புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு வா என்றேன்.