மேல்காத்தும் எங்க வீட்டு மேற்கு ஜன்னலும்

ஆனி பொறந்து பத்து நாளாச்சுங்க. கடலைக்காட்டுல களை நிக்குது. ஆனா போன நாலு நாளா நான் கையில உளியும் சுத்தியும் வெச்சுக்கிட்டு ஒரு ஜன்னலோட மல்லுக்கட்டிட்டிருந்தேன். ஆடி வர்றதுக்குள்ள அதை அடைச்சாகணும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு சொல்றது எல்லா ஊருக்கும் பழமொழி, எங்க ஊருக்கு அது நிலவரம்.

நகரத்து நண்பர்களுக்குக் கொஞ்சம் பூகோளம் சொல்லணும். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் மாதிரி நிக்குது இல்லீங்களா, அதுல நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல முப்பது, நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கு. பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காத்து ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அந்த வாசல் வழியா நேரா எங்க உடுமலை, பல்லடம் பக்கம் வந்து அடிக்கும். 1990கள்ல இங்க காத்தாடி கம்பங்களை நட்டவங்க சும்மா நடலை. வெறும் காத்து வந்தாப் பரவாயில்லை, செம்மண் தூசியும் பொடிச் சாரலும் சேர்ந்து வரும். இதைத்தான் நாங்க மேல்காத்துங்கறோம். ஐப்பசியில கீழ்காத்து கிழக்கே இருந்து மழையோட வரும். ஆக, எங்க வீட்டுக்கு வருசத்துல ரெண்டு பக்கமும் அடி.

அப்பாரு கட்டின பழைய வீட்டுல மேற்குச் சுவத்துல ஜன்னலே கிடையாது. சின்ன வயசுல அது கஞ்சத்தனம்னு நினைச்சேன். வீடு இருட்டா இருக்குன்னு பட்டணத்துல இருந்து வந்த சொந்தக்காரங்க சொல்லும்போது வெக்கமாக்கூட இருக்கும். இப்பத்தான் புரியுது. ஓட்டு வீடு மூச்சு விடறது ஜன்னல் வழியா இல்லை, கூரை வழியா. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில இருக்கற சந்துல சூடும் புகையும் மேல போயிடும். ஜன்னல்னு இருந்ததெல்லாம் கிழக்குலயும் தெக்குலயும் ஒரு முழம் அகலத்துக்கு, மரக்கம்பி வெச்சு, பலகைக் கதவு போட்டது. கண்ணாடி கிடையாது. மழைக்காலத்துல வெளியே ஓலைத் தட்டியோ சாக்கோ கட்டி விடுவாங்க. சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல விரிசல் விட்டா ஆத்தா செம்மண்ணும் சாணியும் குழைச்சு கையாலயே பூசிவிடும். வருசா வருசம் பூசணும். பூசினாங்க.

ஜன்னலைப் பத்தி யோசிக்கும்போது ஒண்ணு தோணுச்சு. ஜன்னல்ங்கற சொல்லே நம்முளுது இல்லை. அலமாரி, சாவி, மேசை எல்லாம் வந்த மாதிரி போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வந்தது. அதுக்கு முன்னாடி நம்மகிட்ட இருந்த பேர் காலதர். கால்னா காத்து, அதர்னா வழி. சிலப்பதிகாரத்துல இருக்கு. பார்க்கறதுக்கான ஓட்டைன்னு பேர் வெக்கலை, காத்துக்கான வழின்னு வெச்சிருக்காங்க. வழின்னு ஒண்ணு இருந்தா அதை அடைக்கவும் தெரிஞ்சிருக்கணும் இல்லீங்களா? பத்துப்பாட்டுல நக்கீரர் பாடின நெடுநல்வாடையில அது வருது. வேனில்ல தென்றலுக்காகத் திறந்து வெச்சிருந்த மாடி ஜன்னலை, வாடை அடிக்கற கூதிர் காலத்துல தாழ்ப்பாள் போட்டுச் சாத்திடறாங்க. ரெண்டு கதவும் நல்லாப் பொருந்தற மாதிரி செஞ்ச கதவு. குளிர்ந்த தண்ணியை யாரும் தொடறதில்லை, நெருப்புச் சட்டியைச் சுத்தி உட்கார்ந்துக்கறாங்க. கதவு பொருந்துதாங்கறதை ஒரு புலவர் கவனிச்சு எழுதியிருக்காருன்னா, அவரு வீட்டுலயும் காத்து உள்ள வந்திருக்கும்னு எனக்கொரு சந்தேகம்.

எங்க வீட்டுக்கு வருவோம். 1994ல அப்பா ஓட்டைப் பிரிச்சுட்டு தார்சு போட்டாரு. கூரை மூச்சு நின்னு போச்சு. அப்ப ஜன்னல் பெருசா வேணும்னு மேற்குச் சுவத்துல நாலடிக்கு நாலடி கண்ணாடி ஜன்னல் வெச்சாங்க. அப்பாரு ஒண்ணும் சொல்லலை, கட்டிலை மட்டும் கிழக்குப் பக்கம் தூக்கிப் போட்டுக்கிட்டாரு. அந்த ரூம்ல இப்ப அம்மா படுக்குது. அம்மாவுக்கு இளைப்பு.

அஞ்சு வருசத்துக்கு முந்தி காத்தைத் தாங்க முடியாம கடையில சிலிக்கான் டியூப் வாங்கி வந்து எல்லாச் சந்தையும் அடைச்சேன். மேல இருந்த வெண்டிலேட்டரையும் விடலை. காத்து நின்னுச்சு. கார்த்திகையில கட்டிலுக்குப் பின்னாடி சுவரு கறுப்பாப் பூஞ்சை பூத்து நின்னுச்சு. ஈரத்துணி, வெந்நீர் ஆவி, மனுச மூச்சு எல்லாத்துலயும் ஈரம் இருக்கு. போக வழி இல்லைன்னா ராத்திரி குளிர்ந்த சுவத்துல போய் உட்கார்ந்துக்கும். அந்த மாசம் அம்மாவை ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். அதைச் செஞ்சது நான்தான்.

இந்தத் தடவை செங்கல் வெச்சு ஜன்னலையே மூடிடலாம்னு முடிவு பண்ணினேன். அம்மா விடலை. "அதை அடைச்சுப் போடாத கண்ணு. ரோட்டுல ஆரு போறா, ஆரு வர்றான்னு அதுலதான் பாக்கறேன்"னுச்சு. முழங்கால் போனதுக்கப்பறம் அம்மாவுக்கு ஊருங்கறதே அந்த நாலடிதான்.

பழைய ஆசாரியைக் கூட்டிட்டு வந்தேன். ஊதுபத்தியைக் கொளுத்தி சட்டத்தோரமா நகர்த்தச் சொன்னாரு. புகை எங்க உள்பக்கம் வளையுதோ அங்க சுண்ணாம்புக்கட்டியால கோடு. கண்ணாடி ஓரத்துல ஆளிவிதை எண்ணெயும் சாக் பொடியும் பிசைஞ்ச மக்கு கல்லா இறுகி உடைஞ்சிருந்தது. அதைச் சுரண்டி, மரத்துக்கு எண்ணெய் காட்டிப் புது மக்கு வெச்சோம். காய வாரக்கணக்குல ஆகும். சட்டத்தைச் சுத்தி இருந்த சிமெண்டு முழுக்க விட்டுப் போயிருந்தது. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சிமெண்டு அதுகூடப் போகாது. அதைக் கொத்திட்டுச் சுண்ணாம்புக் காரை வெச்சு, வெளியோரம் மட்டும் சிலிக்கான். கதவு விளிம்புக்கு ரப்பர் பீடிங்.

ஆசாரி கண்டுபிடிச்ச பெரிய குத்தம் கீழ்க்கட்டையில. உள்பக்கமாச் சாஞ்சிருந்தது. இருவத்தஞ்சு வருசத்துக்கு மேல சாரல் தண்ணியை நாங்களே வீட்டுக்குள்ள கூப்பிட்டிருக்கோம்! அதை வெளிப்பக்கம் சாச்சு வெச்சு, அடியில நீளமா ஒரு கோடு பள்ளம் வெட்டினாரு. தண்ணி அடிவழியா ஊர்ந்து சுவத்துக்கு வராம அந்தப் பள்ளத்துல நின்னு சொட்டிடுமாம்.

வெண்டிலேட்டரைத் திறந்துட்டேன், கொசுவலை மட்டும் அடிச்சிருக்கு. நேத்து ராத்திரி நல்ல காத்து. ஊதுபத்தி வெச்சுப் பார்த்தேன், தாழ்ப்பாள் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வளையுது. அம்மா போர்வையைத் தலைவரைக்கும் இழுக்காம தூங்கிட்டிருந்துச்சு. கார்த்திகையில கட்டிலை நகர்த்திச் சுவத்தைப் பார்த்துட்டு எழுதறேன்.