இரண்டாம் பிள்ளையைப் பற்றிய கேள்விகள்

வீட்டில் மூத்த பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு கண்டு, நாள் தவறாமல் இன்சுலின் செலுத்த வேண்டிய நிலை வந்துவிடுகிறது. பின்னர் அவ்வீட்டில் இன்னொரு குழந்தை பிறக்கும்போது, பிற வீடுகளில் எழாத கேள்விகள் அங்கே எழுகின்றன. இந்தக் குழந்தைக்கு எந்தப் பாலைக் கொடுப்பது? தடுப்பூசி போடலாமா, கூடாதா? நோய் தலைகாட்டுமுன்பே இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாமா? இவை அறியாமையின் கேள்விகள் அல்ல. மருத்துவ உலகமே பல பத்தாண்டுகள் இவற்றுக்கு விடை தெரியாமல் நின்றது. கிடைத்த விடைகளும், இதே அச்சத்தோடு வந்த பெற்றோர் தம் பச்சிளங் குழந்தைகளை ஆய்வில் சேர்த்துக்கொள்ள இசைந்ததாலேயே கிடைத்தன. அந்த வரலாற்றையே இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

நீரிழிவு என்னும் பெயரளவில் இந்நோய் நம் பழைய மருத்துவ நூல்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தமது ‘அல் கானூன்’ நூலில் கிரேக்கப் பெயரோடு இதன் அரபுப் பெயர்களையும் தருகிறார். அவற்றுள் ஒன்று ‘தூலாப்’. நீரிறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். குடித்த நீர் தங்காமல் உடனே வெளியேறுவதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. இதனினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. கி.பி. 1231இல் மறைந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதீ இந்நோய்க்கென்றே தனியொரு நூல் எழுதினார். எனினும் அம்மேதைகள் பழுது சிறுநீரகத்தில் உள்ளதென்றே கருதினர். இந்நோயின் ஒரு வகையில், உடலைக் காக்கும் ஆற்றலே உடலுக்குப் பகையாகிறது என்பதை அறியும் வழி அக்காலத்தில் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, அறிய வழி இருந்தும் மனம் இடங்கொடுக்கவில்லை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், ஓர் ஆட்டின் இரத்தத்தை மற்றோர் ஆட்டுக்குச் செலுத்தினால் எதிர்ப்பொருள் உண்டாவதையும், தன் சொந்த இரத்தத்துக்கு எதிராக எந்த ஆடும் அதனை உண்டாக்காததையும் கண்டார். உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகிறது என்று 1901இல் எழுதினார். அவர் சொன்னதைவிடக் கடுமையாகவே பிறர் அதனைப் பற்றிக்கொண்டனர். 1904இலேயே வியன்னாவில் டோனத், லாண்ட்ஸ்டைனர் இருவரும் குளிர் பட்டால் தன் இரத்த அணுக்களையே சிதைக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை நோயாளிகளிடம் கண்டறிந்தும், அது விதிவிலக்காக ஒதுக்கப்பட்டது. 1956இல்தான் அந்தக் கோட்டை முற்றாகத் தகர்ந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸ், எர்ன்ஸ்ட் விட்டெப்ஸ்கி இருவரும் முயலின் தைராய்டுச் சாற்றை முயலுக்கே செலுத்தி, அச்சுரப்பி தன் உடலாலேயே தாக்கப்படுவதைக் காட்டினர். விட்டெப்ஸ்கி, எர்லிக்கிடம் பணியாற்றிய ஹான்ஸ் ஸாக்ஸின் மாணவர். ஆசிரியரின் ஆசிரியர் கூற்றை மறுக்கும் சான்று அந்த ஸனதிலேயே வந்தவரின் கையால் கிடைத்தது. கணையமும் இவ்வாறே தாக்கப்படுகிறது என்பதற்கான எதிர்ப்பொருள் சான்று 1974இல் இலண்டனில் போட்டாட்ஸோ குழுவினரால் வெளியிடப்பட்டது. தன்னுடல் தாக்கு நோய்களின் பட்டியலில் சிறார் நீரிழிவு சேர்ந்தது இவ்வாறுதான்.

இதற்கிடையே நிகழ்ந்த இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. 1922 ஜனவரியில் டொரண்டோ நகரில் லெனர்ட் தாம்ஸன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட குழந்தைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. பட்டினிக்கு நிகரான உணவுமுறையே அவர்களுக்குக் கிடைத்த மருத்துவம். இன்சுலின் வந்தபின்னரே அவர்கள் வளர்ந்து, மணமுடித்து, பெற்றோராயினர். ‘என் பிள்ளைக்கும் வருமா?’ என்று நோயாளியே கேட்கும் காலம் அப்போதுதான் பிறந்தது.

அக்கேள்விக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று எதிர்பாராதது. 1984இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், இந்நோயுடைய தாயின் பிள்ளைகளைவிட, இந்நோயுடைய தந்தையின் பிள்ளைகளுக்கே நோய் வரும் வாய்ப்பு மிகுதி எனக் கண்டனர். பின்வந்த கணக்குகளின்படி, தந்தைக்கு நோயிருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கும், தாய்க்கிருந்தால் இரண்டு மூன்று பேருக்கும் இது வருகிறது. உடன்பிறந்தோரிடமும் ஏறத்தாழ ஐந்தாறு பேர்தான். அதாவது, நோயுள்ள வீட்டிலும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்நோய் வருவதில்லை. குழந்தைக்கு நோயென்றதும் தாய்வழியைக் குறைசொல்ல விரையும் நாக்குகள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அவற்றுக்கு இந்த எண்களைவிட நல்ல மறுமொழி இல்லை என்பது நம் கருத்து.

இனிப் பாலைப் பற்றியது. உலகிலேயே இந்நோய் மிகுந்த நாடு பின்லாந்து. 2005ஆம் ஆண்டளவில் அங்கே 15 வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் சிறாரில் ஆண்டுதோறும் 60 பேருக்கு மேல் புதிதாக நோயுற்றனர். 1992இல் பின்லாந்து, கனடா ஆய்வாளர்கள், நோயுற்ற பின்லாந்துச் சிறாரின் இரத்தத்தில் பசும்பாற் புரதம் ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதாக அறிவித்தனர். செய்தி பரவியது. மூத்த பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுத்த தாய்மார் தம்மையே குற்றவாளியாக எண்ணிக்கொள்ள அது போதுமானதாயிற்று.

உண்மையை அறிய ஒரே வழிதான் இருந்தது. பெற்றோரிலோ உடன்பிறந்தோரிலோ ஒருவருக்கு இந்நோயிருந்து, தமக்கும் அதற்கான மரபணுக் கூறு உடைய 2,159 குழந்தைகள் 2002 முதல் 2007 வரை 15 நாடுகளில் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். தாய்ப்பாலுக்குத் தடையில்லை, அதுவே ஊக்குவிக்கப்பட்டது. புட்டிப்பால் தேவைப்பட்டபோது ஒரு சாராருக்கு வழக்கமான பசும்பால் மாவும், மறு சாராருக்குப் புரதம் சிறு கூறுகளாகச் சிதைக்கப்பட்ட மாவும் தரப்பட்டன. எது எவருக்கு என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பத்தாண்டுகளுக்கு மேலாக அப்பிள்ளைகள் கண்காணிக்கப்பட்டனர். தன் கையிலுள்ள மாவு எதுவென்றறியாமலே பிள்ளைக்குப் புகட்ட இசைந்த அந்தத் தாய்மாரின் துணிவை நாம் எளிதாக எண்ணலாகாது. 2018 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று: சிதைத்த புரதம் பெற்றோரில் நூற்றுக்கு 8.4 பேருக்கும், வழக்கமான மாவு பெற்றோரில் 7.6 பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. சிறப்பு மாவு காக்கவில்லை. புட்டியில் வழக்கமான மாவைக் கரைத்துக் கொடுத்ததால் கேடும் கூடவில்லை. ஆய்வு தோற்றதென்று சிலர் எழுதினர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. எத்தனையோ தாய்மார் மீதிருந்த பழி இம்முடிவால் நீங்கியது.

தடுப்பூசி பற்றிய ஐயமும் பின்லாந்தைச் சுற்றியே எழுந்தது. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான ஊசி, 1985க்கும் 1987க்கும் இடையில் அங்கே பிறந்த குழந்தைகளுக்கு ஆய்வாகப் போடப்பட்டிருந்தது. இதனால் நீரிழிவு கூடியது என்ற கூற்று 1990களில் கிளம்பியது. பின்லாந்து ஆய்வாளர்கள், ஊசி பெற்றவர்களையும் அதற்கு முன் பிறந்து பெறாதவர்களையும் பத்து வயது வரை ஒப்பிட்டு, பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லையென 1999இல் அறிவித்தனர். அதனினும் விரிந்தது டென்மார்க்கின் ஆய்வு. 1990 முதல் 2000 வரை அந்நாட்டில் பிறந்த 7,39,694 குழந்தைகளின் பதிவேடுகள் ஆராயப்பட்டன. அவர்களுள் 681 பேருக்கு இந்நோய். 2004இல் வெளியான அவ்வாய்வின் தனிச்சிறப்பு, உடன்பிறந்தவருக்கு நோயிருந்த குழந்தைகளைப் பிரித்தெடுத்தும் பார்த்ததாகும். அவர்களிடமும் எந்தத் தடுப்பூசிக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. நோயுள்ள வீட்டின் பெற்றோர் கேட்டது இந்தக் கேள்வியைத்தானே!

இங்கே எதிர்த்திசையில் செல்லும் ஒரு சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1941ஆம் ஆண்டு வாக்கில் கருவிலேயே ருபெல்லா தொற்றுக்கு ஆளாகிப் பிறந்தவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவர்களிடையே நீரிழிவு மிகுந்திருப்பதை 1971இல் கண்டனர். அத்தொற்றைத் தடுப்பது ருபெல்லா ஊசி. நீரிழிவுக்கு அஞ்சி ஊசியைத் தவிர்ப்பவர், நீரிழிவோடு தொடர்புடைய ஒரு தொற்றுக்கே கதவைத் திறந்துவைக்கிறார்.

மூன்றாம் கேள்வி இரத்தச் சோதனை. நோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தென்படுகின்றன என்பதை, இந்நோயுடைய பெற்றோரின் குழந்தைகளை 1989 முதல் மூனிக் நகரில் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு உறுதிசெய்தது. ஆனால் அறிந்து என் செய்வது? நெடுங்காலம் இதற்கு மறுமொழி இல்லை. அறியாதிருப்பதே மேல் எனப் பெற்றோர் கருதியதில் வியப்பில்லை. 2019இல் நிலை மாறியது. நோயாளிகளின் உறவினருள் எதிர்ப்பொருள் தென்பட்ட 76 பேரிடம் டெப்லிஸுமாப் என்னும் மருந்து சோதிக்கப்பட்டபோது, நோயின் வருகை இடைநிலைக் கணக்கில் ஏறத்தாழ ஈராண்டு தள்ளிப்போயிற்று. 2022 நவம்பரில் அமெரிக்கா, 8 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கு அதனை அனுமதித்தது. ஈராண்டுதானா என்று கேட்பவர், பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு எத்தனை ஊசி, எத்தனை விரற்குத்தல் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

அறிவதற்கும் ஒரு விலையுண்டு. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2015 முதல் குழந்தைகளின் இரத்தம் இதற்கெனச் சோதிக்கப்பட்டது. 2020இல் வெளியான கணக்குப்படி 90,632 குழந்தைகளுள் 280 பேரிடம் நோயின் முன்னிலை தென்பட்டது. செய்தி கேட்ட பெற்றோரின் மனவழுத்தத்தையும் அவர்கள் அளந்தனர். அது தந்தையரைவிடத் தாயரிடமே மிகுந்திருந்தது; ஓராண்டில் குறைந்தது. மறுபுறம், நோய் முற்றி உயிருக்கு ஆபத்தான நிலையில் மருத்துவமனைக்கு வந்து சேரும் கொடுமை, முன்னறிந்த குழந்தைகளிடையே அரிதாயிற்று. மனவழுத்தத்தையும் இந்த ஆபத்தையும் தராசில் இட்டுப் பார்க்கும் உரிமை பெற்றோருடையது. இரு தட்டிலும் இருப்பதை மறையாது சொல்வது மருத்துவரின் கடமை.

இத்தகைய சோதனை நோயுள்ள குடும்பங்களுக்கு மட்டும் உரியதா என்ற வினாவும் இதனோடு எழுந்தது. இந்நோய் காணும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் குடும்பத்தில் முன்பு எவருக்கும் அது இருந்ததில்லை. 2023 செப்டம்பரில் இத்தாலி, முதல் வகை நீரிழிவையும் கோதுமைப் புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோயையும் முன்னறியும் சோதனைத் திட்டத்தைச் சட்டமாக்கியது. அச்சட்டம், குடும்பத்தில் நோயுண்டா என்று பார்த்துப் பிரிக்காமல் நாட்டின் எல்லாக் குழந்தைகளையும் கருதியே இயற்றப்பட்டது.