ஜெனரல் மோட்டார்சு ஈவி1

ஈவி1 என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் 1996 முதல் 1999 வரை உற்பத்தி செய்த, இருவர் அமரக்கூடிய மின் தானுந்து ஆகும். பெரிய தானுந்து நிறுவனம் ஒன்று, ஏற்கனவே உள்ள பெட்ரோல் வண்டியை மாற்றியமைக்காமல், தொடக்கம் முதலே மின்னாற்றலுக்கென வடிவமைத்து உற்பத்தி செய்த தற்காலத்தின் முதல் தானுந்து இதுவாகும். மொத்தம் 1,117 வண்டிகள் செய்யப்பட்டன. இவை பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை. குத்தகைக்கு மட்டுமே கொடுக்கப்பட்டன. திட்டம் கைவிடப்பட்டபின் பெரும்பாலான வண்டிகளை நிறுவனமே திரும்பப் பெற்று நசுக்கி அழித்தது.

பின்னணி

1990 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் தானுந்துக் கண்காட்சியில் 'இம்பாக்ட்' என்ற மாதிரி மின் தானுந்தை ஜெனரல் மோட்டார்சு காட்சிக்கு வைத்தது. பால் மெக்கிரெடியின் ஏரோவைரன்மென்ட் நிறுவனம் அதனை உருவாக்க உதவியது. அதன் வலு மின்னணுவியல் பகுதியை ஆலன் கோக்கோனி வடிவமைத்தார்.

அக்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் கடும் புகைமூட்டத்தால் அவதிப்பட்டு வந்தது. மின் தானுந்து செய்ய இயலும் என்பதற்கு இம்பாக்ட் கண்கூடான சான்றாக அமைந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி, பெரிய நிறுவனங்கள் அம்மாநிலத்தில் விற்கும் புதிய தானுந்துகளில் 1998இல் 2 விழுக்காடும், 2001இல் 5 விழுக்காடும், 2003இல் 10 விழுக்காடும் புகையே வெளியிடாதவையாக இருத்தல் வேண்டும். தான் பெருமைக்காகக் காட்டிய மாதிரியே தன்மீது சட்டமாக வந்து விழும் என்று நிறுவனம் எதிர்பார்த்திருக்காது.

தொழில்நுட்பம்

முதல் தலைமுறை ஈவி1இல் 26 ஈய-அமில மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு 312 வோல்ட்டு அளித்தன. அரை டன் அளவு எடையுள்ள இத்தொகுதி சேமித்த ஆற்றல் ஏறத்தாழ 16.5 கிலோவாட் மணி மட்டுமே. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் உள்ளது. எனவே, முழுதும் மின்னேற்றிய வண்டியில் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவான ஆற்றலே இருந்தது எனலாம். வடிவமைப்பாளர்களின் எல்லா முடிவுகளையும் இந்த ஒரு கணக்கிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

ஆற்றல் சிறிது என்பதால் இழப்பைக் குறைப்பதே ஒரே வழி. சட்டகம் அலுமினியத்தால் ஆனது. காற்றுத்தடைக் கெழு 0.19, இன்றைய மின் தானுந்துகளிலும் இவ்வளவு குறைந்த மதிப்பு அரிதே. 102 கிலோவாட் மாறுதிசைத் தூண்டல் மின்னோடி முன்சக்கரங்களை இயக்கியது. தடுப்பை அழுத்தும்போது இதே மின்னோடி மின்னாக்கியாகச் செயல்பட்டு, ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பியது. மின்னேற்றத்திலும் புதுமை இருந்தது. உலோக முனைகள் நேரடியாகத் தொடாமல், துடுப்பு போன்ற ஒரு கருவியை வண்டியின் முகப்பிலுள்ள பிளவில் செருகி, காந்தத் தூண்டல் மூலம் மின்னாற்றல் செலுத்தப்பட்டது.

இரண்டாம் தலைமுறையில் 26.4 கிலோவாட் மணி கொண்ட நிக்கல் உலோக ஐதரைடு மின்கலங்களும் கிடைத்தன. இவற்றால் ஒரு மின்னேற்றத்தில் 160 கிலோமீட்டருக்கு மேல் செல்ல முடிந்தது.

குத்தகையும் முடிவும்

1996 திசம்பரில் கலிபோர்னியா, அரிசோனா மாநிலங்களில் சாட்டர்ன் முகவர்கள் வழியாகக் குத்தகை தொடங்கியது. கணக்கிற்காக 33,995 டாலர் விலை குறிக்கப்பட்டபோதும், குத்தகை முடிவில் வண்டியை வாங்கிக்கொள்ளும் உரிமை வழங்கப்படவில்லை.

இதற்கிடையே, 1996 மார்ச்சில் வாரியம் 1998க்கான இலக்கைக் கைவிட்டிருந்தது. 2002இல் ஜெனரல் மோட்டார்சு உள்ளிட்ட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2003இல் வாரியம் ஆணையை மேலும் தளர்த்தியது. அதே ஆண்டில் ஈவி1 திட்டமும் முடிக்கப்பட்டது.

தேவை போதவில்லை, உதிரிப் பாகங்கள் கிடைப்பதை உறுதிசெய்ய இயலாது என்பன நிறுவனம் கூறிய காரணங்கள். இவை முற்றிலும் பொருளற்றவை அல்ல. ஆயிரம் வண்டிகளுக்காக உதிரிப் பாகம் செய்வது இழப்பே. ஆயினும், நிறுவனத்துக்குச் செலவின்றி வண்டிகளை வைத்துக்கொள்கிறோம் என்று காசோலையுடன் எழுதிய ஓட்டுநர்களின் வேண்டுகோள் மறுக்கப்பட்டதை இக்காரணங்கள் விளக்கவில்லை. 2005இல் பர்பேங்க் நகரில் எஞ்சி நின்ற 78 வண்டிகளுக்குத் தலா 24,000 டாலர் தர முன்வந்த ஆதரவாளர்கள் அங்கே இரவும் பகலும் காத்திருந்தனர். அவ்வண்டிகளும் அகற்றப்பட்டன. இந்நிகழ்வுகளை வைத்து கிறிசு பெயின் இயக்கிய ஆவணப்படம் 2006இல் வெளியானது. ஈவி1ஐக் கைவிட்டது தம் தவறான முடிவு என்று நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ரிக் வேகனர் அதே ஆண்டில் ஒப்புக்கொண்டார்.

பிற்காலம்

கோக்கோனி நிறுவிய ஏசி புரொப்பல்சன் உருவாக்கிய 'டிசீரோ' என்ற மின் தானுந்து, 2003இல் தொடங்கப்பட்ட டெசுலா நிறுவனத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது. ஜெனரல் மோட்டார்சு 2010இல் செவ்ரோலே வோல்ட் என்னும் கலப்பின வண்டியுடன் இத்துறைக்குத் திரும்பியது. 2035க்குள் தன் புதிய இலகுரக வண்டிகளின் புகையை முற்றிலும் நீக்க விழைவதாக 2021 சனவரியில் அறிவித்தது. கலிபோர்னியாவும் அதே ஆண்டை இலக்காகக் கொண்டு 2022இல் புதிய விதிகளை வகுத்தது. அவ்விதிகளுக்கு அளிக்கப்பட்டிருந்த கூட்டரசு இசைவு 2025 சூனில் நீக்கப்பட்டது. கலிபோர்னியா இதனை எதிர்த்து வழக்கு தொடுத்தது.

அழிக்கப்படாத சில ஈவி1 வண்டிகள், இயங்காதவாறு செய்யப்பட்டு, பல்கலைக்கழகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வழங்கப்பட்டன. வாசிங்டனில் உள்ள சுமித்சோனியன் நிறுவனத்துக்கு மட்டும் உறுப்புகள் குறையாத வண்டி ஒன்று அளிக்கப்பட்டது.