திருவரங்கம் பெரியார் சிலையும் வன்முறைப் பேச்சும்

அரசியல் வன்முறைப் பேச்சு என்பது மாற்றுக் கருத்தினரையோ அவர்களின் சின்னங்களையோ தாக்கும்படி கூட்டத்தைத் தூண்டும் பேச்சு. கடுமையான விமர்சனம் இதில் சேராது.

நிகழ்வுகள்: திருவரங்கம் ராஜகோபுரத்தின் எதிரே அமைந்த பெரியார் சிலை, திறப்புக்கு முன்பே 2006 டிசம்பரில் உடைக்கப்பட்டது. வேறு ஊர்களில் பதிலடித் தாக்குதல்கள் நடந்தன. அதே மாதம் புதிய சிலை திறக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் சென்னை மதுரவாயலில் நடந்த இந்து முன்னணிக் கூட்டத்தில், அச்சிலையை உடைக்க வேண்டும் என்ற பொருளில் பேசிய திரைப்படச் சண்டைப் பயிற்சியாளர் கனல் கண்ணன் கைதானார். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு நிபந்தனை ஜாமீன் வழங்கியது.

சட்டம்: இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, 505 பிரிவுகளின் இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 பிரிவுகள் உள்ளன. வெறுப்புப் பேச்சுக்குப் புகார் இல்லாமலே வழக்குப் பதியுமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

எதிர்வாதம்: வன்முறைப் பேச்சுக்குப் பதில் சொல்வதில், குறையையும் மிரட்டலையும் பிரித்துப் பேசுவதே முதற்படி. சிலை எங்கே இருக்கலாம் என்பது விவாதத்துக்குரியது. சம்மட்டி விவாதம் ஆகாது. பெரியார் சிலைகளின் கடவுள் மறுப்பு வாசகங்களை எதிர்த்த மனுவை 2019இல் உயர் நீதிமன்றம் விசாரித்தே தள்ளுபடி செய்தது. குறை சொல்வோருக்கு நீதிமன்ற வழி திறந்தே இருக்கிறது. சிலை உடைப்பைக் கண்டிப்பவர் கோயில் மீதான தாக்குதலையும் அதே குரலில் கண்டிக்க வேண்டும். தூண்டியவரின் சொந்த அணியிலிருந்து எழும் மறுப்பே கூட்டத்தின் காதில் ஏறும்.