ஸ்ரீரங்கம் தீவு: எந்த மாசம் போனா நிம்மதியா பார்க்கலாம்?

தீவுன்னதும் அந்தமானும் மாலத்தீவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா திருச்சி தில்லை நகரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினாலே ஒரு தீவு வந்துவிடும். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், கல்லணை பக்கம் வரை நீளும் நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு. அரங்கநாதர் கோயில், திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் கோயில், மேலூர் வண்ணத்துப்பூச்சி பூங்கா எல்லாம் இதில்தான் இருக்கின்றன.

ஏப்ரல், மே எப்படி?

வெயில் சர்வசாதாரணமாக 38 டிகிரியைத் தாண்டும். அரங்கநாதர் கோயில் வளாகம் 156 ஏக்கர். வெறுங்காலோடு மதியம் கருங்கல் தரையில் நடந்தால் கால் பொரிந்துவிடும். சித்திரைத் தேர் பார்க்க வருபவர்கள் விடியற்காலையிலேயே வந்துவிடுவது நல்லது. வயதானவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்க்கலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படும். அணையில் தண்ணீர் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும். ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் படித்துறை களைகட்டும். ஆனா ஒரு விஷயம் முக்கியம்: திருச்சியில் ஒரு சொட்டு மழை பெய்யாதபோதும் இங்கே வெள்ளம் வரும். கர்நாடகா, கேரள மலைகளில் பெய்யும் மழை மேட்டூரை நிரப்பினால், உபரி நீர் முக்கொம்பு வழியாகக் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்தன. பழைய கொள்ளிடம் பாலமும் இடிந்தது. வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பி ஆற்றில் இறங்கக் கூடாது. வெள்ள எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அனுமதித்த படித்துறையில் மட்டும் குளிக்கவும்.

இன்னொன்று, ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்துக்குப் பிறகு மூலவருக்குத் தைலக்காப்பு சாத்தப்படும். அப்போது சில வாரங்களுக்குத் திருவடி தரிசனம் கிடைக்காது.

அக்டோபர், நவம்பர்?

வடகிழக்குப் பருவமழைக் காலம். திருச்சிக்கு அதிக மழை கிடைப்பது இப்போதுதான். ஐப்பசியில் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் பெருமாளுக்குத் தீர்த்தம் கொண்டுபோவதைப் பார்க்கணும்னா குடையோடு வரலாம்.

அப்போ எதுதான் பெஸ்ட்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். அதன்பிறகு ஆற்றில் மணல்தான் மிச்சம். அதனால் காவிரியில் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஜனவரிக்குள் வந்துவிடணும்.

ஒரே சிக்கல் வைகுண்ட ஏகாதசி. பகல் பத்து, ராப்பத்து என மூன்று வாரம் கூட்டம் அலைமோதும். தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025-ல் மட்டும் ஜனவரி 10, டிசம்பர் 30 என இரண்டு முறை வந்தது. பரமபதவாசல் திறப்பைப் பார்க்க வருபவர்கள் முன்கூட்டியே ரூம் போட்டுவிடணும். நிதானமாகத் தரிசிக்க விரும்புபவர்கள் ராப்பத்து முடிந்து, பொங்கல் லீவும் முடிந்த பிறகு ஒரு சாதாரண வாரநாளில் வரலாம்.

எப்படிப் போவது?

தில்லை நகரிலிருந்து ஆட்டோவில் நேராகப் போகலாம். பஸ் என்றால், சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்தால் போதும். மதியம் நடை சாத்தும் நேரத்தை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்க.