கட்டுமரமும் வெடிமருந்தும்

கடற்கரையே இல்லாத மாவட்டம் விருதுநகர். சிவகாசியிலோ சாத்தூரிலோ நின்றுகொண்டு கப்பலைப் பற்றிப் பேசப் புகுந்தால், கேட்பவர்கள் சற்று விநோதமாகத்தான் பார்ப்பார்கள். ஆயினும், 2012ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தின் இரண்டு தேதிகள் எங்களை இந்தக் கட்டுரைக்குள் இழுத்து வந்தன.

அம்மாதம் 5ஆம் தேதி, சிவகாசிக்கு அருகிலுள்ள முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவிக்கு ஓடிவந்தவர்களும் என்னவென்று பார்க்க வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். 21ஆம் தேதி, கர்நாடகத்தின் கார்வார் தளத்தில் 'ஐ.என்.எஸ். மகர்' இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. இரண்டு உடல்களை மேலே ஒரே தளத்தால் இணைத்துக் கட்டிய கப்பல் அது. இவ்வகைக் கலத்துக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்று பெயர், நம்முடைய கட்டுமரம்தான். இரு செய்திகளுக்கும் தொடர்பேதும் இல்லையென்றே முதலில் எண்ணினோம். ஆனால் கட்டுமரம் என்ற சொல்லும் வெடிமருந்தும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்துக்கொண்டவை என்பதை வரலாறு சொல்கிறது.

நம் கட்டுமரம் ஈருடல் கலமன்று. சில மரத்துண்டுகளை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்தது. அலை அதன் இடுக்குகள் வழியே ஏறி இறங்கும். மரமே மிதப்பதால் அது மூழ்குவதில்லை. சோழமண்டலக் கரையில் இதைக் கண்ட ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். சொல் கப்பலேறிவிட்டது. பொருள் மட்டும் போகிற வழியெல்லாம் மாறிக்கொண்டே போயிற்று.

1804 அக்டோபரில், பிரான்சின் புலோன் துறைமுகத்தில் நெப்போலியனின் படகுகள் திரண்டு நின்றன. அவற்றைத் தகர்க்க அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் ஃபுல்டன் ஓர் ஆயுதத்தை ஆங்கிலேயருக்குச் செய்து கொடுத்தார். ஈயத்தகடு வேய்ந்த நீண்ட பெட்டி. உள்ளே பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து. வெடிக்கும் நேரத்தைக் குறிக்க ஒரு கடிகாரப் பொறி. நீர்மட்டத்தோடு ஒட்டி மிதந்த இதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'கேட்டமரன்'. மீனவனின் சோற்றுக்கான மரம் ஒரு வெடிகுண்டின் பெயராயிற்று. தாக்குதல் பெரும் தோல்வி. ஒரு சிறு படகும் அதிலிருந்தவர்களும் அழிந்ததோடு சரி.

அதே ஃபுல்டன் பத்தாண்டுகள் கழித்து நியூயார்க்கில் வடிவமைத்ததே, உலகின் முதல் நீராவிப் போர்க்கப்பலான 'டெமோலொகோஸ்'. 1814 அக்டோபர் 29இல் அது நீரில் இறக்கப்பட்டது. ஓர் உடலில் கொதிகலன், மற்றதில் எந்திரம், எதிரியின் குண்டு படாதபடி இரண்டுக்கும் நடுவே துடுப்புச் சக்கரம். ஃபுல்டன் 1815இல் இறந்தார், போரும் முடிந்துவிட்டது. ஒரு சண்டையும் காணாத அக்கப்பல், புரூக்ளின் கடற்படைத் தளத்தில் புதிய மாலுமிகள் தங்கும் கலமாக நின்றது. 1829 ஜூன் 4இல் கப்பலுக்குள்ளிருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது போருக்கென்று சேர்த்த மருந்தன்று; காலையும் மாலையும் மரியாதைக்குப் பீரங்கி முழக்க வைத்திருந்த சிறிதளவு பழைய மருந்து. மனிதர் தங்கும் இடத்துக்கும் மருந்து இருக்கும் இடத்துக்கும் நடுவே போதிய தூரம் இல்லை, அவ்வளவே.

இதன் பிறகு ஈருடல் கப்பல் கடற்படைகளில் நெடுங்காலம் தலைகாட்டவில்லை. 1876இல் நத்தானியல் ஹெர்ரஷாஃப் ஈருடல் பாய்மரப் படகொன்றால் நியூயார்க்கில் பந்தயம் வென்றார். 'கேட்டமரன்' என்றாலே ஈருடல் கலம் என்னும் இன்றைய பொருள் வேரூன்றியது அதற்குப் பின்னரே.

கடற்படைக்குத் திரும்பி வந்தபோது அதற்குக் கிடைத்த வேலை, பெரும்பாலும் சண்டையன்று, ஊழியம். காரணம் எளியது. இரண்டு உடல்கள் விலகி நிற்பதால் கப்பல் பக்கவாட்டில் அதிகம் உருளாது. மேலே அகன்ற தளம் கிடைக்கும். ஆனால் எடை கூடினால் அதன் வேகமும் நயமும் கெடும். கனத்த கவசத்துக்கும் பீரங்கிக்கும் அது ஏற்றதன்று. 1973இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 'பிஜன்', 'ஆர்ட்டலன்' ஆகியவை நீர்மூழ்கி மீட்புக் கப்பல்கள். இரு உடல்களுக்கிடையே ஏறத்தாழ பத்து மீட்டர் வெற்றிடம். மீட்புக் கலத்தைக் கடலில் இறக்கியதும் ஏற்றியதும் அதன் வழியாகத்தான். 1999இல் ஆஸ்திரேலியாவின் 'ஜெர்விஸ் பே', டார்வினுக்கும் கிழக்குத் தீமோரின் திலிக்கும் இடையே ஆட்களையும் பொருளையும் சுமந்து ஓடியது.

நமது 'மகர்' கடலடியின் ஆழத்தை அளந்து வரைபடம் தயாரிக்கும் கப்பல். நீளம் 53 மீட்டர், அகலம் 16 மீட்டர். குஜராத்தின் ஆல்காக் ஆஷ்டவுன் தளத்தில் ஆறு கப்பல்களுக்கு ஒப்பந்தமாகி, கடற்படைக்கு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான். பின்னர் 2021இல், முக்குளிப்போருக்கு உதவும் ஐந்து ஈருடல் கலங்களுக்குக் கொல்கத்தாவின் டிட்டாகர் நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் முதலாவது 2025 டிசம்பரில் கொச்சியில் பணியேற்றது. கொல்கத்தா என்றதும் சிவகாசிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் தீப்பெட்டித் தொழில் கற்கச் சென்றது அந்நகருக்குத்தான்.

ஈருடல் கப்பலின் வலிமை அதன் இரும்பில் மட்டும் இல்லை. நடுவிலுள்ள வெற்றிடத்திலும் இருக்கிறது. சிவகாசிப் பட்டாசு ஆலையின் விதியும் இதுவே. அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு தூரம், ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று சட்டம் வகுத்திருப்பது அந்த வெற்றிடத்தைக் காப்பாற்றத்தான். பண்டிகைக்கால அவசரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து மருந்து செலுத்தும்போதும், மிஞ்சிய கலவையை நாளைக்கென்று வைக்கும்போதும் அந்த இடைவெளிதான் முதலில் களவு போகிறது. வீணாகக் கிடக்கும் இடம் என்று முதலாளிக்குத் தோன்றும் அந்த வெறும் மண்தரைதான், ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையில் இருப்பவரின் உயிர்.

புரூக்ளினில் 1829இல் அந்த இடைவெளி இல்லை. முதலிப்பட்டியில் 2012இல் ஓடிவந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. கட்டுமரத்தைக் கட்டியவர்களுக்கு, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே அலை புக இடம் விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.