யாருடைய சுவரில் யார் துளையிடுவது? போனக்காட்டு லயங்களும் மின்கலத் துரப்பணமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவுக்கு அப்பால், அகத்தியர்கூட மலையேற்றம் தொடங்கும் இடமாகப் பலரும் அறிந்த ஊர் போனக்காடு. ஆங்கிலத்தில் இப்பெயரைப் 'போன் அக்கார்டு' என்றும் எழுதுவதுண்டு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் தன் குறிக்கோளாகக் கொண்ட தொடரும் அதுவே. பெயர் அங்கிருந்து வந்ததாயின், அதன் ஈற்றசையை மலையாளச் செவியும் தமிழ்ச் செவியும் 'காடு' என்று கேட்டுக்கொண்டதில் வியப்பில்லை. ஊரைச் சுற்றிலும் காடுதான். ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலை இன்று மூடிக் கிடக்கிறது. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் வரிசை வீடுகள் சிதைந்து வருகின்றன. அவ்வீடுகளுக்கு வழங்கும் 'லயம்' என்ற சொல் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். குதிரை கட்டும் 'லாயம்' அதற்கு இத்தனை அருகில் ஒலிப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் அந்த ஒலியொற்றுமை கேட்போரை உறுத்தாமல் விடுவதில்லை.

வீட்டைத் தானே செப்பனிட்டுக்கொள்வதற்கான மின்கருவிகளைப் பற்றிய எழுத்துகள் எல்லாம் ஒரு முன்முடிவிலிருந்தே தொடங்குகின்றன: வீடு வாசகருடையது, சுவரில் துளையிடும் உரிமையும் அவருடையது. எந்த வோல்ட், எந்த நிறுவனம் என்னும் கேள்விகள் அதற்குப் பின்னரே எழுகின்றன. லயங்களில் இந்த வரிசை தலைகீழாகிறது. கருவியை வாங்க முடிகிறது, சுவர்தான் சொந்தமில்லை. ஆகவே மின்கலத் துரப்பணத்தின் வரலாற்றை லயத்தின் பக்கம் நின்று ஒருமுறை பார்ப்பது பயனுடையது.

துளையிடும் தொழில் தமிழ்நிலத்துக்குப் புதியதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலின் அகழாய்வில் மணிக்கற்கள் செய்முறையின் பல நிலைகளில் கிடைத்துள்ளன. துளையிட்டவையும் உண்டு, துளையிடாதவையும் உண்டு. துரப்பணம், தமரூசி என்ற சொற்கள் நம் அகராதிகளில் உள்ளன. 'துர' என்ற வினைக்குச் செலுத்துதல், ஓட்டுதல் என்று பொருள். கருவியின் பெயரிலேயே அதைச் செலுத்தும் கை இருக்கிறது. நாணைச் சுற்றி வில்லை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தில் ஆற்றலும் கருவியும் கைவினைஞரும் ஒரே இடத்தில் இருந்தனர். நீராவியும் பின்னர் மின்சாரமும் அந்த மூன்றையும் பிரித்தன. ஆற்றல் ஆலைக்குள் போனது. கருவி அதனோடு பிணைக்கப்பட்டது.

மின்துரப்பணத்துக்கு 1889இல் மெல்பர்னில் ஆர்னட், பிரெயின் என்ற இருவர் காப்புரிமை பெற்றனர். கையில் தூக்கிச் செல்லத்தக்க மின்துரப்பணத்தை 1895இல் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் சகோதரர்கள் உருவாக்கினர். துப்பாக்கிப் பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவத்துக்குப் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1917இல் காப்புரிமை பெற்றது. இன்றைய துரப்பணங்கள் பெரும்பாலும் அந்த வடிவத்தையே பின்பற்றுகின்றன. அதே நிறுவனம் 1946இல் வீட்டுப் பயன்பாட்டுக்கான கருவி வரிசையைக் கொண்டுவந்தது. தொழிலாளியின் கருவி வீட்டுக்காரரின் கருவியானது அப்போதுதான். மின்கம்பியை உதறிய துரப்பணத்தை 1961இல் அது விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிக்கல்-காட்மியம் கலங்களால் இயங்கிய அக்கருவியின் மின்னழுத்தம் 4.8 வோல்ட் மட்டுமே. மென்மையான மரத்தைத் துளைக்க அது போதும், கற்சுவரிடம் செல்லாது. (கம்பியில்லாக் கருவிகளை நாசா கண்டுபிடித்தது என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அப்போலோ 15 வீரர்கள் 1971இல் நிலவில் மின்கலத் துரப்பணத்தால் சுமார் 2.4 மீட்டர் ஆழம்வரை மண்மாதிரி எடுத்தது உண்மை. கடைக்கு வந்த கருவி அதற்குப் பத்தாண்டு மூத்தது.)

சொல்லாட்சியிலும் ஒரு செய்தி இருக்கிறது. ஆங்கிலம் இக்கருவியை இல்லாத ஒன்றால் பெயரிட்டது: 'கார்ட்லெஸ்', அதாவது கம்பி அற்றது. நம் கடைத்தெருவில் வழங்கும் பெயரோ 'பேட்டரி டிரில்'. பின்னதே நேர்மையான பெயர். கம்பியிலிருந்து கிடைத்த விடுதலை மின்கலத்தைச் சார்ந்திருத்தலாக மாறியதை அது மறைக்கவில்லை. சோனி நிறுவனம் 1991இல் லித்தியம்-அயனி மின்கலத்தை வணிகமாக்கியது. 2005ஐ ஒட்டி அது மின்கருவிகளுக்குள் நுழைந்தது. காட்மியத்தின் நச்சுத்தன்மை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளுக்கு அளித்திருந்த விலக்கு 2016 இறுதியில் முடிவுக்கு வந்தது. நிக்கல்-காட்மியத்தின் காலமும் ஏறத்தாழ அத்துடன் முடிந்தது.

தேர்வு என்பது இன்று துரப்பணத்தை விட மின்கலத்தைத் தேர்வதே. ஒரு நிறுவனத்தின் கலம் பிறிதொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்துவது அரிது. முதலில் வாங்கும் கலம் அடுத்த பத்தாண்டில் வாங்கும் ரம்பத்தையும் தேய்ப்பானையும் முன்கூட்டியே தீர்மானித்துவிடும். லித்தியம்-அயனிக் கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து கலங்கள் சேர்ந்தால் 18. பெட்டியில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று அச்சிட்டிருப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து கலங்களே, முழுதாக மின்னேற்றிய நிலையில் அளந்தவை. கூடுதலாக இரண்டு வோல்ட் கிடைக்கிறது என்று எண்ணிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கி வரும் வாட்-மணியே உண்மையான கொள்ளளவு: 18 வோல்ட், 2 அம்பியர்-மணி என்றால் 36, அதே வோல்ட்டில் 5 அம்பியர்-மணி என்றால் 90. மின்தடை அடிக்கடி ஏற்படும் மலையூரில் ஒரு பெரிய கலத்தை விட இரண்டு சிறிய கலங்கள் நல்லவை. ஒன்று வேலையிலும் மற்றது மின்னேற்றத்திலும் இருக்கும். பிரஷ்லெஸ் மோட்டார் விலை கூடியது; ஒரே மின்னேற்றத்தில் கூடுதல் நேரம் உழைக்கும், தேயும் பாகமும் குறைவு. ஆண்டுக்குப் பத்துத் துளை இடுபவருக்கு அது தேவையில்லை. அவரை விட அவருடைய பழுதுபார்ப்பவர் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறார் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

பழைய சுவருக்குத் தனி ஒழுக்கம் உண்டு. கான்கிரீட்டுக்காக அமைந்த சம்மட்டி இயக்கம், சுண்ணாம்பாலோ மண்ணாலோ பிணைத்த கற்சுவரில் துளையை விட அதிர்வையே மிகுதியாகத் தரும்; கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள பிணைப்பு உதிரும். அங்கே சம்மட்டியை அணைத்துவிட்டு, சுழற்சியை மட்டும் வைத்து, மெல்லிய முனையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குவதே முறை. கதவுச் சட்டத்தில் திருகாணி ஏற்றுவதற்கு முன்பும் சிறுதுளை இட்டாக வேண்டும். இல்லையேல் இன்றைய தாக்குத் திருப்புளிகளின் வலிமை மரத்தைப் பிளந்துவிடும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் மின்கருவியை அதன் அருகில் கொண்டுபோகவே கூடாது. வேகமாகச் சுழலும் முனை கிளப்பும் நுண்ணிழை நுரையீரலில் தங்கும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. கருவி எளிதாகக் கிடைக்கும்போது இந்த எச்சரிக்கையே முதலில் மறக்கப்படுகிறது.

இனி உரிமை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு அமைத்துத் தருவதையும் அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. 1981இல் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவு, அவ்வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தாலோ காயமுற்றாலோ முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. அதற்கு இரண்டு விதிவிலக்குகள்: வீடு இடிந்ததற்கு இயற்கைச் சீற்றமோ, குடியிருப்பவரின் தவறோ முழுமையான, நேரடியான காரணமாக இருந்தால் பொறுப்பில்லை. 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த வாசகம் தொடர்கிறது.

சட்டம் எழுதப்பட்டபோது லயத்தில் வாழ்ந்தவர் கையில் ஆணியும் சுத்தியலுமே இருந்திருக்கும். அலமாரி மாட்டவும், ஒழுகும் கூரையின் சட்டத்தை இறுக்கவும், விரிசலுக்குக் குறுக்கே இரும்புப் பட்டை பொருத்தவும் இன்று அவர் கையில் ஒரு மின்கலத் துரப்பணம் இருக்கக்கூடும். தோட்டம் இயங்காத நிலையில் பராமரிப்புக் கடமையை நிறைவேற்ற ஆள் இல்லை. செப்பனிடாவிட்டால் கூரை விழும். செப்பனிட்ட பின் சுவர் விழுந்தாலோ, அதிலுள்ள துளைகள் குடியிருப்பவரின் தவறுக்குச் சான்றாகக் காட்டப்படலாம். 'முழுமையாகவும் நேரடியாகவும்' என்ற சொற்கள் அவருக்கு ஓரளவு பாதுகாப்பு. பல பத்தாண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடந்த சுவர் பத்து மில்லிமீட்டர்த் துளையால் மட்டுமே விழுந்தது என்று மெய்ப்பிப்பது எளிதன்று. ஆனால் அந்த வாதத்தை எடுத்துவைக்க வழக்கறிஞர் வேண்டும், துளையிடுவதற்கு முன் சுவர் இருந்த நிலைக்குச் சான்றும் வேண்டும். லயத்தில் துரப்பணத்தை எடுப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைப்பதுதான். எந்தக் கருவியின் கையேட்டிலும் அந்தப் பக்கம் அச்சிடப்பட்டிருக்காது.